மடக்கு நங்கூரம்: வள்ளத்துக்கு ஏற்றபடி வடிவமைத்துச் செய்ய முழு வழிகாட்டி

ஃபைபர் வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்முனையில், நான்கு கையும் விரித்தபடி ஒரு நங்கூரம் கிடந்தால், அது முதலில் மாட்டுவது நம் வலையில்தான். கடலடி எல்லாம் அப்புறம். கரைப்பிடிக்கும்போது அலை தூக்கிப் போட்டால் அதே நங்கூரம் காலில் ஏறும். மடக்கி ஓரமாக வைக்க முடிந்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

இதில் உள்ள அளவுகள் 24 முதல் 28 அடி வரையுள்ள, அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய ஃபைபர் வள்ளத்துக்கானவை. விசைப்படகுக்கு இது போதாது. குளச்சல் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் நான் செய்த முதல் இரண்டு நங்கூரமும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயின. மூன்றாவது நின்றது. அதன் பிறகு செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே நான்கைந்து இடங்களில் தடுக்கி விழுந்தார்கள். அந்த இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே நின்று சொல்கிறேன்.

1. மடக்கிய அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் விரித்த நங்கூரத்தைத்தான் முதலில் வரைகிறார்கள். கடைசியில் மடக்கிப் பார்த்தால் வைக்க இடம் இருக்காது. அணியத்தில் எந்த மூலையில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த மூலையை டேப்பால் அளந்து எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

எனக்குத் தோதாக வந்தது 160 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்று. அரை மீட்டர் நீளம், ஒரு பக்கம் மூடி, மூடியில் தண்ணீர் வடிய இரண்டு துளை. நங்கூரம் மடங்கி இந்தக் குழாய்க்குள் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். உள்விட்டம் 15 செ.மீ. இருக்கும். அதனால் மடக்கிய கட்டு 14 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த 14-லிருந்து பிறந்தவை.

2. எந்தத் தரையில் போடப் போகிறீர்கள்

நான்கு கை நங்கூரம் பாரில், அதாவது கடலடிப் பாறையில், கல்லும் மணலும் கலந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கும். வெறும் மணலில் சுமார்தான். முட்டம், கடியபட்டணம் பக்கம் கல் கிடக்கும் கடலில் பகல் நேரம் தூண்டில் போட நிற்பவருக்கு இது பொருந்தும். சுத்த மணலில் இராத்தங்கல் என்றால் இரண்டு அகல இலை (மணலில் புதையும் தகடு) உள்ள தட்டை நங்கூரம் வாங்குங்கள். அது பிறவியிலேயே மடங்கும், நாம் மெனக்கெட வேண்டாம்.

தரை எப்படி என்று தெரியாவிட்டால், ஈயக்குண்டின் அடியில் சவுக்காரமோ கெட்டிக் கிரீஸோ பூசி இறக்கிப் பாருங்கள். மணல் ஒட்டி வந்தால் மணல், சேறு வந்தால் சேறு. ஒன்றும் ஒட்டாமல் கீறலோடு வந்தால் பார். நீங்கள் வழக்கமாக நிற்கும் நாலைந்து இடங்களில் இதைச் செய்துவிட்டால் கையின் நுனியில் இலை வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

3. எவ்வளவு இழுவை வரும்

இந்தக் கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாத் தடிமனும் இதிலிருந்துதான் வருகிறது.

மணிக்கு 54 கி.மீ. காற்று, அதாவது வினாடிக்கு 15 மீட்டர். அணியம் காற்றைப் பார்த்து நிற்கும் வள்ளம், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து இரண்டரைச் சதுர மீட்டர் காற்றை மறிக்கிறது என்று வைத்தால் இழுவை ஏறக்குறைய 34 கிலோ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வள்ளம் நேராக நிற்பதில்லை, அங்குமிங்கும் திரும்பி ஆடும். பக்கவாட்டில் திரும்பினால் மறிக்கும் பரப்பு ஏழு சதுர மீட்டர் ஆகி, இழுவை 95 கிலோவுக்குப் போய்விடும். அதற்கு மேல் அலை தூக்கும்போது கயிறு சுண்டி இழுக்கும். அதற்காக இரண்டரை மடங்கு வைத்து, வடிவமைப்புச் சுமை 250 கிலோ என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த 250 கிலோவும் ஒரே ஒரு கையின் நுனியில் விழுகிறது என்று வைத்துத்தான் மீதிக் கணக்கு. நான்கு கை இருக்கிறதே என்று நான்கால் வகுக்கக் கூடாது. பாரில் பெரும்பாலும் ஒரு கைதான் மாட்டும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும்.

4. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நடுத்தண்டுக்கு 25 மி.மீ. சதுரக் கம்பி, 45 செ.மீ. கைகளுக்கு 40×8 மி.மீ. பட்டை, ஒரு மீட்டர். கையைத் தண்டோடு பிடிக்கும் காதுகளுக்கும், இலைகளுக்கும் 6 மி.மீ. தகடு. உள்ளளவு 28 மி.மீ. கிடைக்கும் சதுரக் குழாய், 5 செ.மீ. துண்டு. 12 மி.மீ. போல்ட் நான்கு. பாதி மரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மரை துளைக்குள் உட்கார்ந்தால் துளையை அரம் போல ராவிவிடும். நைலான் வளையம் வைத்த நட் நான்கு. 6 மி.மீ. எவர்சில்வர் ஊசி ஒன்று, அதைக் கட்ட ஒரு சாண் கயிறு. 10 மி.மீ. ஷாக்கிள் (சங்கிலி பூட்டும் ‘ப’ வடிவக் கொக்கி) இரண்டு, 25 மி.மீ. தண்டு நுழையும் அகல வாய் உள்ளதாக. வெல்டிங்குக்கு 7018 ராடு, காய்ந்ததாக இருக்க வேண்டும். கடலோரக் காற்றில் திறந்து கிடந்த ராடு ஈரம் குடித்திருக்கும், அந்த வெல்டு பிற்பாடு விரிசல் விடும்.

இவற்றோடு ஒரு கெட்டி அட்டை, நாலு குண்டூசி, கத்தரிக்கோல். எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

5. இரும்பை வெட்டும் முன் அட்டையை வெட்டுங்கள்

தண்டின் ஒரு பக்கத்தையும் ஒரு கையையும் முழு அளவில் அட்டையில் வெட்டி, குண்டூசியைக் கீலாகக் குத்தி, மடக்கி விரித்துப் பாருங்கள். கணக்கில் தெரியாத இடிகள் இதில் தெரிந்துவிடும்.

என் முதல் நங்கூரத்தை அட்டை இல்லாமலே செய்தேன். நான்கு காதும் வெல்டிங் முடிந்து, கையை மாட்டிக் கடலுக்குக் கொண்டுபோகும் நேரம். பட்டறை அண்ணன் விரித்தார், டக்கென்று நின்றது. மடக்கப் பார்த்தார். பாதி வழியில் தண்டில் இடித்து அங்கேயே நின்றுவிட்டது. “மக்கா, விரியுது சரி, மடங்க மாட்டேங்குதே” என்றார். சுத்தியலால் தட்டி மடக்கினோம். அப்புறம் விரிக்கவும் சுத்தியல் தேவைப்பட்டது. ஒன்றரை மி.மீ. இடி, அவ்வளவுதான் காரணம். அது எங்கே வந்தது என்று 7-ஆம் படியில் சொல்கிறேன்.

6. கைக்குக் கம்பி வேண்டாம், பட்டை போதும்

கட்டடக் கம்பியை வளைத்துக் கை செய்வது நம் பக்கம் வழக்கம். பாரில் சிக்கினால் வளைந்து கொடுத்து வந்துவிடும், அது நல்லதுதான். ஆனால் மடக்கு நங்கூரத்தில் வளைந்த கை மடங்காது, அதனால் இங்கே அந்தக் குணம் உதவாது.

20 மி.மீ. உருட்டுக் கம்பி மீட்டருக்கு 2.47 கிலோ. 40×8 பட்டை மீட்டருக்கு 2.51 கிலோ. எடை கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் பட்டையைக் குத்தாக, அதாவது 40 மி.மீ. பக்கம் இழுவையின் திசையில் வரும்படி நிறுத்தினால், வளைவை எதிர்க்கும் பலம் கம்பியைப் போல 2.7 மடங்கு. படுக்கையாக வைத்தால் எல்லாம் போச்சு, குத்துநிலையின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். புதிதாகச் செய்கிறவர்கள், மடக்கினால் தட்டையாக இருக்குமே என்று இந்தத் தவறைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கையின் மொத்த நீளம் 240 மி.மீ. ஒரு முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி, அகலத்தின் சரியான நடுவில் 13 மி.மீ. துளை. துளைக்கு அந்தப் பக்கம் நுனிவரை 200 மி.மீ. துளை ஓரமாகப் போனால் அங்கேதான் கை முறியும். வளைவு அதிகம் வருவது துளை இருக்கும் இடத்தில். நடுவில் இருந்தால் பலம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் வளையும் பட்டையில் சுமையைத் தாங்குவது இரண்டு ஓரங்களும்தான்.

வீட்டில் கிடக்கும் முறுக்குக் கம்பியையே காய்ச்சி வளைத்துக் கையாக்கலாமா என்று கேட்பார்கள். இப்போது வரும் டிஎம்டி கம்பியின் பலம் வெளித்தோலில் இருக்கிறது. தண்ணீரில் குளிர வைத்து ஏற்றிய பலம் அது. செந்தணலாகக் காய்ச்சினால் போய்விடும்.

7. குதிகால்: நங்கூரம் நிற்பதும் போவதும் இங்கேதான்

துளைக்குக் கீழே உள்ள 40 மி.மீ. துண்டைக் குதிகால் என்கிறேன். எல்லாப் படியிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

வள்ளம் கயிறு வழியாகத் தண்டின் மேல்முனையை இழுக்கிறது. தரை கையின் நுனியைப் பின்னால் தள்ளுகிறது. ஆக, சுமை வரும்போது கை மடங்கப் பார்ப்பதில்லை, இன்னும் விரியத்தான் பார்க்கிறது. கச்சான் காற்றில் குடை மறுபக்கம் திரும்புமே, அதே கதை. பலர் கை மடங்கிவிடுமோ என்று பயந்து பூட்டைப் பெரிதாகச் செய்கிறார்கள். குடை திரும்பும் பக்கத்தைத் தடுக்க ஒன்றும் வைப்பதில்லை. என் இரண்டாவது நங்கூரம் அப்படித்தான் போனது. பூட்டு புத்தம் புதிதாக இருந்தது, கைகள் நான்கும் மறுபக்கம் திரும்பிக் கிடந்தன.

அந்தச் சுமையைத் தாங்க வேண்டியது குதிகால். கை விரியும்போது குதிகால் உள்நோக்கி வந்து தண்டின் பக்கத்தில் முட்டி நிற்க வேண்டும். போல்டின் மையம் தண்டின் முகத்திலிருந்து 25 மி.மீ. வெளியே இருந்தால், கை தண்டோடு 60 டிகிரி விரிந்ததும் குதிகாலின் கீழ்மூலை தண்டைத் தொடும்.

அட்டையில் இதைச் செய்து பாருங்கள். 60 டிகிரியில் நிறுத்தினால் குதிகாலின் மேல்மூலை தண்டுக்குள் புகுந்து நிற்கும். தண்டின் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டு அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். இப்போது குதிகாலின் முனை சரிவாக இருக்கும், விரித்தால் தண்டின் முகத்தோடு தட்டையாகப் பொருந்தும். இனி மெல்ல மடக்குங்கள். 40 டிகிரி வரும்போது, வெட்டியதால் உண்டான புது மூலை ஒன்றரை மி.மீ. அளவுக்குத் தண்டில் இடிக்கும். சுத்தியல் எடுக்க வைத்தது இந்த மூலைதான். அதை 2 மி.மீ. உருட்டி அரைத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். கீழ்மூலையை மட்டும் தொடாதீர்கள், சுமை உட்காருவது அதில்தான்.

நெம்புகோல் கணக்கு ஒன்று. 60 டிகிரியில் நுனி, போல்டிலிருந்து பக்கவாட்டில் 173 மி.மீ. தள்ளி இருக்கிறது. குதிகால் முட்டும் இடம் போல்டுக்குக் கீழே சுமார் 35 மி.மீ. நுனியில் 250 கிலோ என்றால் குதிகாலில் 250 × 173 ÷ 35, அதாவது 1,230 கிலோவுக்கு மேல். போல்டிலும் கிட்டத்தட்ட அதே சுமை. கால் டன் இழுவை கீலுக்குள் போகும்போது ஒன்றேகால் டன் ஆகிவிடுகிறது. சின்னதாக இருக்கட்டுமே என்று குதிகாலைக் குறைத்து, முட்டும் இடம் 15 மி.மீ. ஆனால் கீலில் மூன்று டன்னை நெருங்கும். இடம் மிச்சம் பிடிக்க எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இந்த 35-ஐக் குறைக்காதீர்கள்.

12 மி.மீ. போல்ட் இரண்டு பக்கமும் காது பிடித்திருந்தால் இந்தச் சுமையைத் தாராளமாகத் தாங்கும். 8 மி.மீ. போதுமே என்று ஒருவர் போட்டார். கணக்குப்படி அதுவும் அறுந்துவிடாது, ஆனால் கடல்நீர் தின்னக் கொடுக்க அதில் மிச்சம் இல்லை.

8. காதுகளை ஒட்டும் வரிசை

தண்டின் ஒவ்வொரு முகத்திலும் இரண்டு காது, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் 6 மி.மீ. தகட்டில் 70×45 அளவு. 70 மி.மீ. பக்கம் தண்டை ஒட்டி நிற்கும். போல்ட் துளை தண்டு முகத்திலிருந்து 25, காதின் மேல்விளிம்பிலிருந்து 25. எட்டையும் ஒன்றாக அடுக்கி இறுக்கிப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் எட்டும் எட்டு விதமாக நிற்கும்.

இரண்டு காதுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி வேண்டும். கை 8, மீதி 2 நாகப்பூச்சுக்கும் (துத்தநாகப் பூச்சு) ஆட்டத்துக்கும். 6, 10, 6 சேர்ந்து 22. தண்டின் அகலம் 25, சரியாக உட்காரும்.

நடுவில் ஒரு 8 மி.மீ. பட்டைத் துண்டும் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. தகடும் செருகி, போல்டைப் போட்டு, எட்டுக் காதையும் பொட்டு வெல்டு வையுங்கள். நிஜமான கையைச் செருகாதீர்கள், பொறி பட்டு ஒட்டிக்கொள்ளும். பொட்டு வைத்ததும் ஒரு தடவை ஒவ்வொரு பக்கத்திலும் கையை மாட்டி விரித்து மடக்கிப் பாருங்கள். சரி என்றால்தான் முழு வெல்டு.

முழு வெல்டு எதிரெதிர் முகமாகப் போக வேண்டும். ஒரு முகம் முடித்ததும் அடுத்து நேர் எதிர் முகம். ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் தண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். ஆறும்வரை செருகிய துண்டுகளை எடுக்காதீர்கள். வெல்டு சுருங்கும்போது காதுகள் உள்பக்கம் சாயும், துண்டு இல்லாவிட்டால் 10 மி.மீ. இடைவெளி 8 ஆகி, கை உள்ளே போகாது. சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

போல்ட் மையத்துக்குக் கீழே தண்டு 70 மி.மீ. நீள வேண்டும். அந்தக் கீழ்முனையில் ஒரு 14 மி.மீ. துளை போடுங்கள். மேல்முனையிலும் அதே அளவில் ஒன்று. கீழ்த்துளை எதற்கு என்று இப்போது தோன்றும், பாரில் சிக்கும் அன்று தெரியும்.

9. சிலுவை

கை மடங்காமல் தடுக்க, தண்டில் ஏறி இறங்கும் சதுரக் குழாய்த் துண்டு ஒன்று. அதன் நான்கு முகத்திலும் 6 மி.மீ. தகட்டில் ஒவ்வொரு சிறகு. மேலிருந்து பார்த்தால் சிலுவை மாதிரி இருக்கும், பட்டறையில் அப்படியே பெயர் நிலைத்துவிட்டது. கைகளை விரித்ததும் சிலுவையைக் கீழே இறக்கினால், ஒவ்வொரு சிறகும் கைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள அக்குளில் போய் உட்காரும். கை மேலே வர வழியில்லை. ஊசியைக் குறுக்கே செருகினால் சிலுவை நகராது.

சிறகின் வடிவத்தை நான் அளவாகத் தரவில்லை. விரித்த கையோடு அட்டையை அக்குளில் வைத்துக் கோடு போட்டு எடுங்கள், அதுதான் சரியாக வரும். தண்டு முகத்திலிருந்து 25 மி.மீ.க்கு மேல் நீள வேண்டாம்.

சிலுவைக்கு வரும் சுமை குறைவு. நங்கூரம் தரையில் உருளும்போது கையின் எடை, கல்லில் ஒரு தட்டு, அவ்வளவுதான். அதனால் 6 மி.மீ. ஊசி போதும். ஊசித் துளையை 8 மி.மீ. ஆகப் போடுங்கள். சரியான அளவில் போட்டால் மணல் புகுந்து இறுகிவிடும். தண்டில் இரண்டு இடத்தில் துளை வேண்டும்: கீழே பூட்ட ஒன்று, மடக்கும்போது சிலுவையை மேலே நிறுத்த ஒன்று. மேல்நிலையில் சிலுவை கைகளின் நுனிக்கு மேலே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் கை மடங்காது.

சதுரக் குழாயின் உள்ளே நீளமாக ஒரு வெல்டு மேடு ஓடும். அதை அரத்தால் சமமாக்குங்கள். தண்டின் நான்கு விளிம்பையும் லேசாக மழுக்குங்கள். இரண்டையும் செய்யாமல் குழாய் சிறுத்துவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

10. நுனியும் இலையும்

பாருக்கு மட்டும் என்றால் நுனியைக் கோணலாக வெட்டிக் கூராக்கினால் போதும். மணலும் கலந்தது என்றால் 70×50 அளவில் ஓர் இலை ஒட்டுங்கள். அதைக் கையின் வெளிவிளிம்பில் ஒட்ட வேண்டும். உள்விளிம்பில் ஒட்டினால் மடக்கும்போது நான்கு இலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வெளியே ஒட்டுவதால் தரை இலையைப் பிய்க்கப் பார்க்கும், ஆகவே இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு வெல்டு.

11. நாகப்பூச்சு

எவர்சில்வரில் செய்யலாமே என்பார்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், 304 ரகம் கடல்நீரில் போல்ட் இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக அரித்துப்போகும், வெளியே பளபளப்பாகவே தெரியும். சாதா இரும்பில் செய்து உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுதான் என் கட்சி.

பூச்சுக்கு அனுப்பும் முன் எல்லாத்தையும் கழற்றுங்கள். பூட்டியபடி அனுப்பினால் கீல் துத்தநாகத்தில் ஒட்டிக்கொண்டு திரும்பும். வெல்டிங் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டு செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலும் குளிரும் கொண்டுவரும். இலையைச் சுற்றி வெல்டில் இடைவெளி விடாதீர்கள், கழுவும் அமிலம் உள்ளே தங்கிப் பிறகு உள்ளிருந்தே அரிக்கும். எங்கேயாவது இரண்டு முனையும் அடைத்த குழாய் வைத்திருந்தால் காற்றுத் துளை கட்டாயம். 450 டிகிரியில் உள்காற்று விரிந்து வெடிக்கும்.

திரும்பி வந்ததும் துளைகளில் ஒரு தடவை 13 மி.மீ. ட்ரில்லைக் கையால் சுழற்றி ஓட்டுங்கள். மெஷினில் போட வேண்டாம், பூச்சைச் சேர்த்து உரித்துவிடும்.

12. பூட்டுதல், சங்கிலி, கயிறு

கைகளை மாட்டி நட்டை இறுக்கும்போது காதுகள் கையைக் கவ்வும் அளவுக்குப் போகாதீர்கள். நட் தொட்டதும் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கை தன் எடைக்கே விழ வேண்டும். எல்லாம் சேர்ந்து எடை எட்டு கிலோவை நெருங்கும்.

நங்கூரத்தை அடுத்து 8 மி.மீ. சங்கிலி 5 மீட்டர். இது சும்மா எடைக்காக மட்டும் இல்லை. பாரில் கயிறு உரசி அறும், சங்கிலி அறாது. கயிறு 12 மி.மீ. நைலான். பிளாஸ்டிக் கயிறு மலிவுதான், ஆனால் மிதக்கும். தளர்ந்த நேரம் இன்ஜின் இறக்கையில் சுற்றும். நைலான் மூழ்கும், சுண்டி இழுக்கும்போது நீண்டும் கொடுக்கும். ஷாக்கிள் திருகை ஒரு கம்பியால் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் தானாகக் கழன்றுவிடும்.

13. கரையில் சோதனை

கடலில் போடும் முன் ஒவ்வொரு கையையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். நுனியை ஓர் அசையாத இரும்பில் மாட்டி, தண்டின் மேல்முனையைச் செயின் பிளாக்கால் இழுத்து, நடுவில் தொங்கு தராசு வைத்தால் அளவு தெரியும். 100, 150, 250 கிலோ என்று ஏற்றி, 250-இல் ஐந்து நிமிடம் விடுங்கள். தளர்த்தியபின் கை பழைய இடத்துக்கு வர வேண்டும். இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் எட்டு கிலோ இரும்பு அந்தக் கோட்டில்தான் வரும்.

அடுத்த சோதனை எனக்கு இதைவிட முக்கியம். ஈர மணலில் நங்கூரத்தைப் புரட்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரித்துப் பூட்டுங்கள். பத்து வினாடிக்குள் முடியவில்லை என்றால் ஏதோ ஒரு துளை இறுக்கமாக இருக்கிறது. இன்ஜின் நின்று, வள்ளம் அலைவாய்க்குள் ஒதுங்கிப் போகும் இரவில் டார்ச் தேடிக்கொண்டிருக்க முடியாது.

14. கடலில் போடுவதும், சிக்கினால் எடுப்பதும்

அணியத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கம் கட்டினால் இன்ஜின் எடையோடு நங்கூர இழுவையும் சேர்ந்து அலை உள்ளே ஏறும். சிறு வள்ளம் மூழ்க அது போதும். தூக்கி வீசாதீர்கள், சங்கிலி கைகளில் சுற்றிக்கொள்ளும். மெல்ல இறக்கி, தரை தொட்டதும் நீவாடு (நீரோட்டம்) வள்ளத்தைக் கொண்டுபோக விட்டுக் கயிற்றைக் கொடுங்கள்.

ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு. 6 பாகம் ஆழம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர், கயிறு 55 மீட்டர். மூன்று மடங்கு மட்டும் கொடுத்தால் கயிறு தரையோடு 20 டிகிரிக்குச் சரிந்து நின்று நங்கூரத்தை மேலே தூக்கப் பார்க்கும். ஐந்து மடங்கில் அது 12 டிகிரிக்குள் அடங்கும். நங்கூரம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப்பேர் கயிற்றில் கஞ்சத்தனம் செய்தவர்கள்.

இனி அந்தக் கீழ்த்துளை. பாரில் நிற்கப் போகிறீர்கள் என்றால் சங்கிலியை மேல்துளையில் பூட்டாமல் கீழ்த்துளையில் பூட்டுங்கள். சங்கிலியைத் தண்டோடு ஒட்டி மேலே கொண்டுவந்து, மேல்துளையில் ஒரு மெல்லிய கயிற்றால் கட்டுங்கள். வழக்கமான இழுவை அந்தக் கட்டு வழியாகப் போகும். கல்லில் சிக்கிவிட்டால் வள்ளத்தை நங்கூரத்துக்கு நேர்மேலே கொண்டுபோய் பலமாக இழுங்கள், கட்டு அறும். இழுவை கீழ்முனைக்கு மாறி, கைகள் போன வழியே பின்னால் வரும். கட்டுக்கயிறு 100 கிலோவை ஒட்டி அறுவதாக இருக்கட்டும். கரையிலேயே தராசில் மாட்டி அறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 250-க்குச் செய்த நங்கூரம் இந்தக் கட்டோடு 100-க்குத்தான் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். ஆள் விழித்திருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் இது. தூங்கப் போகிறீர்கள் என்றால் மேல்துளையில் ஷாக்கிள்தான்.

15. வைப்பதும் பார்ப்பதும்

மேலே ஏற்றியதும் ஊசியை உருவி, சிலுவையை மேலே தள்ளி, கைகளை மடக்கி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தை மாட்டிக் குழாய்க்குள் இறக்குங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றுங்கள். கீலுக்குக் கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்து அரைக்கும். ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

ஆனி, ஆடியில் கடல் அடித்து வள்ளம் கரையில் கிடக்கும் நாட்களில் போல்டுகளைக் கழற்றிப் பாருங்கள். போல்டில் ஒரு மி.மீ. தேய்ந்தாலும் கையின் நுனியில் நாலைந்து மி.மீ. ஆட்டம் தெரியும். அப்படித் தெரிந்தால் நான்கு போல்டையும் சேர்த்து மாற்றுங்கள். ரப்பர் வளையம் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். ஒரு டியூபில் இருபது வெட்டலாம், இரண்டை எப்போதும் தண்டின் மேல்முனையில் மாட்டி வைத்திருங்கள்.